முதல் வண்டி ஒரு பழைய பிக்கப்பாக இருக்கட்டும்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச நாங்குநேரி ஏற்ற ஊர்தானா என்று ஒரு கேள்வி எழலாம். இந்த ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவை வானமாமலைப் பெருமாள் கோயிலும் அதன் எண்ணெய்க் கிணறும்தான். ஆனால் இதே வட்டாரத்துத் திருக்குறுங்குடியில்தான் 1877-இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் பிறந்தார். மதுரையைத் தளமாகக் கொண்டு 1911-இல் அவர் தொடங்கிய தொழில் பேருந்து, லாரி, ஜெனரல் மோட்டார்ஸ் வாகன விற்பனை, டயர் ரீட்ரெடிங் என்று கிளைத்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, கரியிலிருந்து வாயு எடுத்து வண்டியை ஓட்டும் கருவியையும் அந்த நிறுவனம் செய்து கொடுத்தது. தென்னாட்டின் மோட்டார் வரலாற்றை எழுத உட்காருபவர் திருக்குறுங்குடியைத் தவிர்த்துவிட்டு முதல் பக்கத்தை எழுத முடியாது. ஆகவே ஊரைப் பற்றிய சந்தேகத்தை இத்துடன் விட்டுவிடலாம். நான் சொல்ல வந்த கருத்து ஒன்றுதான். இந்தப் பக்கத்து இளைஞர் ஒருவர், தம் முதல் நான்கு சக்கர வண்டியாக, ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய அரிய பிக்கப் ஒன்றை எடுத்துச் சீரமைத்து ஓட்டுவது புத்திசாலித்தனமான காரியம். ஓட வேண்டும் என்பதற்காகச் சீரமைத்தால் அது புத்திசாலித்தனம். மினுக்க வேண்டும் என்பதற்காகச் சீரமைத்தால் வீண் செலவு. இந்த வேறுபாட்டை விளக்கவும், இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயமான வாதங்களுக்குப் பதில் சொல்லவும்தான் இந்தப் பேச்சு.

முதலில், பழைய பிக்கப் ஏன் அரிதாயிற்று என்று பார்ப்போம். ஆஸ்டின், மோரிஸ், பழைய அம்பாசடர் போன்ற கார்கள் இன்றும் நிறையக் கிடைக்கின்றன. காரணம், கார் வீட்டின் கௌரவம். அப்பா வாங்கிய கார் என்று ஷெட்டில் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடி வைப்பார்கள். சுமை வண்டிக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. நெல்லும் உரமும் ஏத்தன் வாழைத்தாரும் கருப்பட்டிச் சிப்பமும் ஏற்றி ஏற்றி, ஸ்பிரிங் ஒடிந்தால் கட்டி, பாடி உளுத்தால் பலகை அடித்து, கடைசிச் சொட்டு உழைப்பையும் கறந்த பிறகு எடைக்குப் போடுவார்கள். உழைத்த வண்டி உழைத்ததனாலேயே அழிந்துபோகிறது. இதோடு இன்னொரு காரணமும் உண்டு. லைசென்ஸ் முறை இருந்த காலத்தில் சிறு சுமை வண்டி தயாரித்தவர்களே மிகக் குறைவு. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் வண்டிகளைக் கோத்து விற்றது. 1954-இல் கடையைக் கட்டிவிட்டது. ஃபோர்டும் ஏறக்குறைய அதே நேரத்தில் வெளியேறியது. உள்நாட்டிலேயே படிப்படியாகத் தயாரிக்கும் திட்டம் உள்ளவர்களுக்கே இடம் என்று அரசு முடிவெடுத்ததுதான் அதற்குக் காரணம். அதன்பின் சிறு சுமைக்கு எஞ்சியவை சில வகைகளே: மஹிந்திராவின் ஜீப் பிக்கப்புகள், சென்னை ஸ்டாண்டர்டு கம்பெனியின் ஸ்டாண்டர்டு 20, பஜாஜ் டெம்போவின் மூன்று சக்கர வண்டி, இன்னும் ஒன்றிரண்டு. 1980-களின் நடுவில் ஜப்பானியக் கூட்டுறவோடு டி.சி.எம். டொயோட்டா, சுவராஜ் மஸ்தா போன்றவை வந்தன. 1986-இல் டாடா 407 வந்தது. 2005-இல் டாடா ஏஸ் வந்த பிறகு, பழையவற்றை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது என்றாகிவிட்டது. விட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. அது அவர்களுக்குச் சோறு போட்ட வண்டி, காட்சிப் பொருள் கிடையாது.

இவற்றுள் நான் முன்வைப்பது மஹிந்திரா எஃப்.சி.150. லாரிக்காரர்கள் வாயில் எஃப்.சி. என்றால் தகுதிச் சான்று; இங்கே அது மாதிரியின் பெயர். இந்த எஃப்.சி.க்கு அந்த எஃப்.சி. வாங்குவது பெரும்பாடு என்பதையும் பின்னால் சொல்கிறேன். அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் 1956 கடைசியில் இந்த மாதிரியை வெளியிட்டது. வடிவமைத்தவர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ். ஜீப்பின் அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் எடுத்துக்கொண்டு, ஓட்டுநரை எஞ்சினுக்குப் பின்னால் உட்கார வைக்காமல் முன் சக்கரத்துக்கு மேலேயே உட்கார வைத்தார்கள். அதனால் 81 அங்குல வீல்பேஸ் மட்டுமே உள்ள குட்டி வண்டியில்கூடச் சுமை ஏற்ற நல்ல நீளம் கிடைத்தது. மூக்கே இல்லாத முகம், இரண்டு வட்ட விளக்குகள், நெற்றி போன்ற பெரிய முன் கண்ணாடி. பார்ப்பதற்குப் பொம்மை போல இருக்கும், வேலையில் பொம்மையாக இருக்காது. அமெரிக்காவில் அது பெரிதாக விற்கவில்லை, 1965-இல் நிறுத்திவிட்டார்கள். அதே 1965-இல்தான் மஹிந்திரா இலகு ரகச் சுமை வண்டித் தயாரிப்பில் இறங்கியது. இந்த மாதிரி இங்கே புது ஆயுள் பெற்றது. பிறந்த நாட்டில் தோற்ற வண்டி இங்கே பிழைத்ததற்குக் காரணம் ரசனை கிடையாது. அன்றைய நம் சாலைக்கும் சந்துக்கும் அந்த நீளமும் ஜீப்பின் நான்கு சக்கர இழுவையும் தோதாக இருந்தன. மணிமுத்தாறுக் கால்வாய்க் கரை, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோட்டப் பாதை, தேரிக்காட்டு மணல் ஆகிய மூன்றிலும் நிற்காமல் ஓடக்கூடிய சுமை வண்டி வேறு எது இருந்தது?

இந்த வண்டியைத் தேர்ந்தெடுக்க எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அரிய வண்டி வாங்குகிறவர்கள் பலர் தடுக்கி விழும் இடமும் அதுதான். வண்டியின் உருவம் அரிதாக இருக்கலாம். உறுப்புகள் அரிதாக இருக்கக் கூடாது. எஃப்.சி.150-இல் இருப்பது ஹரிக்கேன் என்ற நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், 2199 சி.சி. இன்லெட் வால்வு தலையிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கும் பழைய அமைப்பு. இதே எஞ்சின்தான் அந்தக் கால மஹிந்திரா ஜீப்புகளிலும் இருந்தது. பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் முதல் காட்டிலாகா வரை அந்த ஜீப்தான் ஓடியது. அதனால் பிஸ்டன், பேரிங், கேஸ்கட், கிளட்ச் தட்டு, கியர்பாக்ஸ் சாமான் என்று தேடினால் இன்றும் ஏதாவது ஒரு ஊரில் கிடைத்துவிடும். ஸ்டாண்டர்டு 20-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லேலண்ட் தன் பழைய வேன் மாதிரி ஒன்றின் அச்சுகளைக் கப்பலேற்றி அனுப்ப, சென்னையில் பிறந்த வண்டி அது. தமிழ்நாட்டுக்காரர் என்ற முறையில் அதன்மேல் நமக்கு ஆசை வருவது இயல்பு. ஆனால் அந்த நிறுவனம் 1988-இல் மூடப்பட்டது. பொருந்தக்கூடிய ஒரு பம்ப் தேடியே ஆண்டு கழியும். இரண்டாவது வண்டியாக, மூன்றாவது வண்டியாக அதைத் தாராளமாக எடுக்கலாம். முதல் வண்டியாக எடுப்பவருக்கு என் பரிந்துரை இல்லை. எஃப்.சி.யிலும் கதவு, முன் கண்ணாடி, விளக்கு வளையம் போன்றவை கிடைப்பது கடினம்தான். ஆகவே வாங்கும்போது எஞ்சின் ஓடுகிறதா என்பதைவிட, கேபின் முழுமையாக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஓடாத எஞ்சினை ரீபோர் செய்து ஓட வைக்கலாம். இல்லாத கதவைக் கடையில் வாங்க முடியாது.

நம் பகுதியில் இதைச் செய்ய முடியுமா என்றால், நன்றாகவே முடியும். திருக்குறுங்குடிக் குடும்பத்தின் கதை இங்கே மறுபடியும் தலை நீட்டுகிறது. 1960-களில் அவர்கள் வெளிநாட்டுக் கூட்டுறவோடு சென்னையைச் சுற்றிப் பாகம் தயாரிக்கும் ஆலைகளைக் கட்டினார்கள்: சக்கரத்துக்கு வீல்ஸ் இந்தியா, டைனமோவுக்கும் ஸ்டார்ட்டருக்கும் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்குக்கு பிரேக்ஸ் இந்தியா, போல்ட் நட்டுக்கு சுந்தரம் ஃபாசனர்ஸ். சிம்சன் குழுமத்தின் இந்தியா பிஸ்டன்ஸ் அதற்கும் முன்பே, 1949-இல் வந்தது. அந்தக் கால இந்திய வண்டி எதைத் திறந்தாலும் உள்ளே பாதி தமிழ்நாட்டுச் சாமானாக இருப்பதன் காரணம் இதுதான். இதற்குச் சமமாக, ஏன், இதைவிட முக்கியமாக, திருநெல்வேலி, வள்ளியூர், நாகர்கோவில் வரிசையில் இருக்கும் பட்டறைகளைச் சொல்ல வேண்டும். லேத்காரர், டிங்கர், ரேடியேட்டர் அடைப்பவர், பட்டை அடிக்கும் ஸ்பிரிங் பட்டறை, ஆட்டோ எலக்ட்ரீஷியன், சுமைத் தொட்டிக்குப் பலகை போடும் ஆசாரி. கம்ப்யூட்டர் சொருகிப் பழுது பார்க்கும் வண்டியில் இவர்களுக்கு வேலை இல்லை. உறுப்பைக் கழற்று, புது உறுப்பை மாட்டு, அவ்வளவுதான். தேய்ந்த புஷ்ஷைப் பார்த்து அதே அளவில் வெண்கலத்தில் கடைந்து கொடுக்கும் கை, கார்புரேட்டர் சத்தத்தைக் கேட்டே ஜெட் அடைப்பைச் சொல்லும் காது, இவற்றுக்கு இன்னும் எத்தனை காலம் வேலை இருக்கும்? ஒரு பழைய பிக்கப்பைச் சீரமைக்கும் பையன் இந்த ஆறேழு பேரிடமும் போய் நின்றாக வேண்டும். நிற்கும்போது கற்றுக்கொள்கிறான். வண்டியைவிட இந்தக் கல்விதான் பெரிய லாபம் என்பது என் வாதத்தின் நடுத்தூண். மெக்கானிக் பிழைப்புக்கே போகப்போகிறவனுக்கு மட்டும் உரிய கல்வி என்று இதைக் குறுக்கிவிடக் கூடாது. இயந்திரம் ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருமுறை கழற்றிப் பூட்டியவருக்கு, பிறகு எந்த இயந்திரத்தைப் பற்றி யார் ஏமாற்றினாலும் தெரிந்துவிடும்.

வானிலையும் நமக்குத் துணை. நாங்குநேரி மழைமறைவுப் பிரதேசத்து வறண்ட பூமி. துருவுக்கு இது சத்துரு. உவரி, கூடங்குளம், தூத்துக்குடி உப்பளப் பக்கம் ஓடிய வண்டியின் சேசிஸ் வெளியே நன்றாக இருந்து உள்ளே பொருபொருத்துப் போயிருக்கும். களக்காடு, ஏர்வாடி, மூலைக்கரைப்பட்டிப் பக்கம் கொட்டகையில் கிடந்த வண்டியானால் தகடு பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். எங்கிருந்து எடுத்தாலும் ஒரு காந்தத் துண்டைக் கையில் எடுத்துப் போங்கள். தகட்டில் ஒட்டும், பட்டி அப்பிய இடத்தில் நழுவும். வெயில் பெயின்டைத் தின்னும், வயரின் தோலை உரிக்கும், ரப்பரை வெடிக்க வைக்கும், அவை மாற்றக்கூடியவை. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றிய ரேடியேட்டரும், பிளாக்கின் தண்ணீர்ப் பாதையும் சுண்ணாம்பு படிந்து கிடக்கும். எஃப்.சி.யில் எஞ்சின் கேபினுக்குள்ளேயே, இரண்டு இருக்கைகளுக்கு நடுவே இருக்கிறது. குளிர்ச்சி சரியாக இல்லாவிட்டால் சித்திரை மாதத்தில் எஞ்சினோடு சேர்ந்து ஓட்டுகிறவரும் வேகிறார்.

இனி, எப்படிச் சீரமைப்பது என்ற கேள்வி. இங்கேதான் பெரும்பாலோரிடமிருந்து நான் விலகுகிறேன். வழக்கமாக நடப்பது இது: வண்டி வந்ததும் முதல் வேலை பெயின்ட். பளபளக்கும் சிவப்பு, குரோமியம் பூசிய பம்பர், அலாய் சக்கரம், உள்ளே பாட்டுப் பெட்டி. பிரேக் மட்டும் பழைய பிரேக். தமிழ்நாட்டில் கோயில் திருப்பணிகளைப் பற்றி நடந்த ஒரு விவாதத்தை இங்கே நினைவுபடுத்துவது பொருந்தும். கல் சுவர்களின் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க மணல் வீச்சு அடித்தார்கள். சுவர் வெளுத்தது, கூடவே கல்வெட்டு எழுத்தும் மழுங்கியது. அறிஞர்கள் எதிர்த்தார்கள், வழக்குகள் நடந்தன, சுத்தம் செய்வதும் காப்பதும் வேறு வேறு என்று எல்லோருக்கும் ஓரளவு புரிந்தது. வாகனத்துக்கும் இதே நியாயம்தான். தடித்த சேசிஸுக்கு மணல் வீச்சு அடிக்கலாம். மெல்லிய கேபின் தகட்டில் அடித்தால் தகடு நெளியும், அதைவிட மோசமாக, அந்த வண்டியின் வரலாறு போய்விடும். கதவில் மங்கலாகத் தெரியும் அரிசி ஆலையின் பெயர், தொட்டி ஓரத்தில் தார் உரசிய தடம், யாரோ ஒரு கொல்லர் வைத்த ஒட்டு, இவையெல்லாம் அந்த வண்டியின் கல்வெட்டு. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா வகுத்த டுரின் சாசனமும் இதே திசையில்தான் பேசுகிறது: வண்டியின் வடிவத்தோடு அதன் பயன்பாட்டு வரலாறும் காக்கப்பட வேண்டும், மாற்றம் தவிர்க்க முடியாதபோது அது திரும்ப அகற்றக்கூடியதாக இருக்க வேண்டும், கழற்றிய மூலப் பாகத்தை வண்டியோடு வைத்திருக்க வேண்டும். ஐரோப்பியக் கோமான்களின் கார்களுக்காக எழுதப்பட்டது போலத் தோன்றினாலும், அந்த விதிகள் களக்காட்டு வாழைத்தார் வண்டிக்கு அச்சாகப் பொருந்துகின்றன. ஆகவே வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் ஆவணம், பிறகு சேசிஸ், பிறகு பிரேக்கும் ஸ்டீயரிங்கும், பிறகு குளிர்ச்சி, எஞ்சின், வயரிங். பெயின்ட் கடைசி. பணம் தீர்ந்துபோய்ப் பெயின்ட் அடிக்காமலே நின்றுவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் சிக்கலான ஒரு கேள்வி வரும். 1973-இல் எண்ணெய் விலை ஏறிய பிறகு நம் ஊர்ப் பெட்ரோல் ஜீப்புகளுக்கு டீசல் எஞ்சின் ஏற்றும் பழக்கம் பரவியது. மஹிந்திராவே பிற்காலத்தில் தன் டிராக்டர் வழி வந்த டீசல் எஞ்சினை ஜீப்பில் வைத்து விற்றது. கையில் கிடைக்கும் எஃப்.சி.யில் ஹரிக்கேனுக்குப் பதிலாக டீசல் தடதடத்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது? சுத்தவாதிகள் பிடுங்கி எறி என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த மாற்றம் ஆர்.சி. புத்தகத்தில் முறையாகப் பதிவாகியிருந்தால், அதுவும் இந்த வண்டி இந்த மண்ணில் பிழைத்த கதையின் ஒரு பகுதி. அதை அப்படியே விட்டுவிட்டு, மிச்சப் பணத்தைப் பிரேக்கில் போடுங்கள். மாறாக, மூல ஹரிக்கேனோடு பிழைத்த வண்டி கிடைத்தால், மைலேஜ் போதவில்லை என்று அதை டீசலாக்காதீர்கள். அப்படிப்பட்டவை எஞ்சியிருப்பதே கொஞ்சம். பெட்ரோல் வண்டியில் இன்றைய எரிபொருளுக்கு ஏற்பச் சில திருத்தங்கள் தேவை. நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நின்றது. ஆகவே எஞ்சினைத் திறக்கும்போது எக்ஸாஸ்ட் வால்வு சீட்டைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயையும் பம்ப்பின் டயாஃபிரத்தையும் அது அரித்துவிடும். எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிட வேண்டும். வண்டி மாதக்கணக்கில் நிற்குமானால் டேங்கைக் காலி செய்து வைப்பது நல்லது, ஏனென்றால் எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவதும் கனமானதும் பாதுகாப்பு. பெற்றோர் ஒருவர் எழுந்து, புது ஓட்டுநரான என் பிள்ளையை ஏர்பேக் இல்லாத, ஏ.பி.எஸ். இல்லாத, முன்னால் எஞ்சின் மறைப்புக்கூட இல்லாத வண்டியில் ஏற்றச் சொல்கிறீர்களே என்று கேட்டால், அது முழுக்க நியாயமான கேள்வி. பதில் மழுப்பலாக இருக்கக் கூடாது. எஃப்.சி.150 மோதலில் ஓட்டுநரைக் காக்கும் வண்டி கிடையாது. கால் முட்டிக்கும் எதிர் வண்டிக்கும் நடுவே ஒரு தகடுதான். பிரேக் நான்கும் டிரம், ஒரே சுற்று. ஒரு சக்கரத்தில் சிலிண்டர் ஒழுகினால் நான்கு சக்கரத்திலும் பிடிப்பு போகும். பாரம் முன்பக்கமே இருப்பதால், வெறும் வண்டியில் திடீரென்று பிரேக்கை மிதித்தால் பின்பக்கம் லேசாகிவிடும். இவ்வளவையும் ஒப்புக்கொண்டுதான் சொல்கிறேன்: ஆபத்தின் பெரும்பகுதி வண்டியில் இல்லை, வேகத்திலும் சாலையிலும் இருக்கிறது. நாங்குநேரியை ஒட்டிப் போகும் நான்கு வழிச்சாலையில் கார்களின் வேக வரம்பே மணிக்கு 100 கிலோமீட்டர். அங்கே இந்த வண்டிக்கு இடமில்லை, ஓட்டவும் கூடாது. களக்காடு சாலையும், ஏர்வாடி வழியாகத் திருக்குறுங்குடி போகும் சாலையும், மூலைக்கரைப்பட்டிச் சாலையும் வேறு உலகம். மணிக்கு 40, 50 கிலோமீட்டரில் போகும் வண்டி அங்கே யாருக்கும் இடைஞ்சல் கிடையாது. எல்லா வீல் சிலிண்டரும் புதிது, பிரேக் குழாய் புதிது, சட்டத்தோடு சேர்த்துப் பூட்டிய சீட் பெல்ட், நல்ல விளக்கு, ஹேண்ட் பிரேக் சரி. இவை முடியாமல் வண்டி தெருவில் இறங்கக் கூடாது. ஒரு வண்டியின் பலவீனம் முழுவதும் தெரிந்து ஓட்டுகிறவர், தம் வண்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி 120-இல் பறக்கிறவரைவிட அபாயமானவர் என்பதை நான் ஏற்க மாட்டேன். வெளியூர்ப் பயணத்துக்குப் பேருந்தும் ரயிலும் இருக்கின்றன. முதல் வண்டி என்றால் எல்லாவற்றுக்குமான வண்டி என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இரண்டாவது எதிர்வாதம் சட்டம். இதைப் பலர் கேள்விப்பட்ட அளவில் மட்டுமே பேசுவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பழைய பிக்கப்பின் ஆர்.சி.யில் பெரும்பாலும் சரக்கு வாகனம் என்றே இருக்கும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி அது போக்குவரத்து வாகனம். தகுதிச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மொத்த எடை 3000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை, எஃப்.சி.150 அந்த வரம்புக்குள் அடங்கும். இலகு ரக உரிமம் உள்ளவரே 7500 கிலோ வரையிலான போக்குவரத்து வாகனத்தை ஓட்டலாம் என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது. ஆனால் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. போக்குவரத்து வாகனத்தை இருபது வயதுக்குக் குறைந்தவர் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்று அதே சட்டத்தின் நான்காம் பிரிவு சொல்கிறது. பதினெட்டு வயதில் உரிமம் வாங்கிய கையோடு இந்த வண்டியை ஓட்ட முடியாது. இதை நான் தடையாகப் பார்க்கவில்லை. பதினெட்டில் வண்டியை எடுத்துக் கழற்றத் தொடங்கினால், படிப்புக்கும் வேலைக்கும் நடுவே கிடைக்கும் நேரத்தில், கையில் இருக்கும் காசில், பூட்டி முடிக்க எப்படியும் இரண்டு ஆண்டு ஆகும். சட்டம் கேட்கும் பொறுமையும் பட்டறை கேட்கும் பொறுமையும் ஒரே அளவுதான். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்திலிருந்து விருப்பம்போல் மாற்றுவதை 52-ஆம் பிரிவு தடுக்கிறது, 2019-இல் உச்ச நீதிமன்றமும் கண்டிப்பாகச் சொன்னது. பெரிய டயர், உயர்த்திய உடல், வெட்டிய சேசிஸ் என்று போகிறவர்கள் ரசனையில் மட்டுமின்றிச் சட்டத்திலும் சறுக்குகிறார்கள்.

வின்டேஜ் பதிவு இருக்கிறதே, அதை வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள் சிலர். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் அவை. முதல் பதிவு ஆகி ஐம்பது ஆண்டு கடந்த, மூல நிலை மாறாத வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனி எண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். நல்ல விதிதான், வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அதன் கீழ் வரும் வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ ஓட்டக் கூடாது; கண்காட்சி, அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு, இவற்றுக்கு மட்டும்தான் சாலைக்கு வரலாம். முதல் வண்டியாக ஓட்ட நினைப்பவருக்கு அந்தப் பதிவால் பயனில்லை. அவர் சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு போவதே வழி. அந்த விதிகளை எழுதியவர்களின் மனக்கண்ணில் இருந்தது ராஜாக்களின் காரும் டெல்லியில் 1964 முதல் ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகை நடத்தும் அணிவகுப்பு போன்றவையும்தான் என்று எனக்குப் படுகிறது. உழைத்துப் பிழைத்த சுமை வண்டி, அளவான வேலையோடு தொடர்ந்து உழைப்பதே அதற்கான காப்பு என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை ஓடும் எஞ்சினில் சீல் காய்ந்து எண்ணெய் ஒழுகும், பிரேக் சிலிண்டர் இறுகும், டேங்க் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை ஐந்தாறு மூட்டை உரம் ஏற்றி வரும் வண்டிக்கு இந்தக் கேடு குறைவு.

மூன்றாவதாக, இது பணக்காரர் பொழுதுபோக்கு என்ற வாதம். பெயின்டையும் குரோமியத்தையும் முதலில் வைத்தால் அப்படித்தான் ஆகும். நான் சொல்லும் வரிசையில் போனால், மாதாமாதம் தவணை கட்டும் புது வண்டியை விட இது பையனின் கையைக் குறைவாகவே கடிக்கும். கடன் இல்லை, காசு இருக்கும் மாதம் வேலை நடக்கும், இல்லாத மாதம் வண்டி காத்திருக்கும். கடன்கொடுத்தவர் அப்படிக் காத்திருக்க மாட்டார். ஆனால் முடியும் வரை வண்டி நிற்க நிழலான இடம் வேண்டும். நகரத்து அடுக்ககத்தில் இருப்பவருக்கு இது பெரிய தொல்லை, நம் ஊரில் இல்லை. புகை மாசு பற்றிய குற்றச்சாட்டில் உண்மை உண்டு. அந்தக் கால கார்புரேட்டர் எஞ்சின் இன்றைய எஞ்சினைவிட அதிகம் புகைக்கும். வாரத்தில் ஒரு நாள், சில கிலோமீட்டர் என்ற அளவில் ஓடும் வண்டியையும் அன்றாடம் நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டியையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதுதான் என் பதில். தினமும் ஐம்பது கிலோமீட்டர் வேலைக்குப் போக வேண்டிய இளைஞர் என்னிடம் யோசனை கேட்டால், இந்த வண்டி உமக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அருங்காட்சியகத்தில் வைத்துவிடலாமே என்ற நான்காவது வாதத்துக்கு அதிக நேரம் தேவையில்லை. கோயம்புத்தூரில் 2015 முதல் இயங்கும் ஜீடி கார் அருங்காட்சியகம் அருமையான இடம், எல்லோரும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் ஓடிய அத்தனை வகைச் சுமை வண்டிக்கும் அருங்காட்சியகத்தில் இடம் கிடைக்கப்போவதில்லை. அங்கே போனாலும் பிழைப்பது இரும்பு மட்டும்தான். அதைப் பழுது பார்க்கும் கை பிழைக்காது.

இங்கே வந்திருப்பவர்களில் சிலருடைய வீட்டுக் கொட்டகையில், தோட்டத்து மூலையில், மூடிய ஆலை வளாகத்தில் இப்படி ஒரு வண்டி கிடக்கலாம். அரசு வாகனங்களில் பதினைந்து ஆண்டு கடந்தவற்றின் பதிவு 2023 ஏப்ரல் முதல் ரத்தாகிறது. தனியாருக்கும் பழைய வண்டியை உடைக்கக் கொடுத்தால் சலுகை தருகிறார்கள். எடைக்காரர் கேட்கும் விலைக்கு இரும்பு போய்விடும் நாள் தொலைவில் இல்லை. கொடுப்பதாக இருந்தாலும், முதலில் அந்த வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் அதோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். புத்தகம் இல்லாத வண்டியை எந்த இளைஞராலும் சாலைக்குக் கொண்டுவர முடியாது. புத்தகம் இருக்கும் வண்டியை, எடைக்காரரிடம் பேசுவதற்கு முன், ஊரில் கை அழுக்காகத் தயாராக இருக்கும் ஒரு பிள்ளையிடம் காட்டுங்கள்.